எங்கள் ஊர்க் கோயில் மணியும் அதை அடித்தவர்களும்

கேள்வி: உங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் மணிக்கு ஏதாவது வரலாறு உண்டா? அதை யார் அடித்தார்கள்?

உண்டு. ஆனால் கோயில் சுவரில் இருக்கும் பளிங்குக் கல்லில் அது கிடைக்காது. அந்தக் கல்லில் பங்குச் சாமியார்களின் பெயர் வரிசையாக இருக்கிறது, ஒவ்வொருவரும் எந்த வருஷம் வந்தார், எந்த வருஷம் போனார் என்பதும் இருக்கிறது. மணி அடித்தவர் ஒருவர் பெயர்கூட இல்லை. எங்கள் தாத்தா சுமார் நாற்பது வருஷம் அந்தக் கயிற்றைப் பிடித்தவர் என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். பெயர் எழுதவில்லை. சொந்தக்காரர்கள் பாதிப்பேர் இந்தத் தளத்தில் இருக்கிறார்கள், நான் ஒன்று எழுதினால் அவர்கள் ஒன்பது திருத்தம் சொல்வார்கள்.

முதலில் மணி. பெரிய ஆட்டுக்கல்லை விடப் பெரிது, தண்ணீர் டிரம்மை விடச் சிறிது. வெண்கலம். பிரான்சிலிருந்து வந்தது என்பது ஊர்ப் பேச்சு. எங்கள் பக்கத்துப் பழைய பங்குகளில் இதில் ஆச்சரியம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் மைசூர் பக்கமிருந்து இயேசு சபைக்காரர்கள் வந்தார்கள். 1773இல் அந்தச் சபையையே போப்பாண்டவர் கலைத்துவிட, அப்புறம் பாரிஸ் மிஷன் சபையின் பிரெஞ்சுச் சாமியார்கள் வந்தார்கள். 1930இல் சேலம் மறைமாவட்டம், அதாவது ஒரு பிஷப்பின் கீழ் வரும் பகுதி, உருவானது, 1997இல் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. பிரெஞ்சுச் சாமியார்கள் தங்கள் சொந்த ஊருக்குக் கடிதம் எழுதிக் காசு திரட்டி மணி வரவழைப்பது அந்தக் காலத்தில் வழக்கம்.

எங்கள் மணி எப்படி வந்தது என்று தாத்தா ஒரு கதை சொல்வார். அவர் பார்த்தது இல்லை, அவருக்கு முன்னால் மணி அடித்தவர் சொன்னது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது. சின்னஞ்சிறு தண்டவாளம், 1905இல் போட்டது. மணி அந்த ரயிலில் கிருஷ்ணகிரி வரை வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஏறி, இடையில் ஓர் ஓடையில் அச்சு முறிந்து, ஒரு ராத்திரி முழுக்க மணல்மேல் கிடந்ததாம். காவலுக்கு இருந்தவர்கள் பொழுது போகாமல் கல்லால் தட்டிப் பார்த்தார்களாம். ஆக, எங்கள் ஊர் மணி முதன்முதலில் ஒலித்தது கோயிலில் இல்லை, ஓடையில். நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். அந்த ரயிலை மட்டும் நம்பலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை நிறுத்தினார்கள், இன்றுவரை கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. அதே போரில்தான் ஜெர்மானியர்கள் ஐரோப்பா முழுக்கக் கோயில் மணிகளைக் கழற்றி உருக்கினார்கள். சுமார் ஒன்றரை லட்சம் மணிகள் அப்படிப் போயின. எங்கள் மணி கடல் தாண்டி வந்ததால் தப்பித்தது என்று தாத்தா பெருமையாகச் சொல்வார், ஏதோ அவரே அதைத் தோளில் தூக்கி வந்த மாதிரி.

மணியின் இடுப்பில் பிரெஞ்சு எழுத்துகள் புடைப்பாக இருக்கும். ஒருமுறை புதுச்சேரியில் படித்த ஒரு சாமியார் மேலே ஏறிப் படித்துச் சொன்னார்: மணியின் பெயர் மரியா, கீழே ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர், அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கிறவர்கள். மணிக்கு ஞானத்தகப்பனா என்று சிரிக்காதீர்கள். பழைய முறைப்படி ஒரு மணியைக் கோயிலில் ஏற்றும் முன் ஆயர் (பிஷப்) அதைத் தீர்த்தத்தால் கழுவி, வெளிப்புறம் நோயாளிகளுக்கான எண்ணெயால் ஏழு சிலுவையும் உள்ளே கிறிஸ்மா தைலத்தால் நான்கு சிலுவையும் போட்டு, ஒரு பெயரும் வைப்பார். மக்கள் இதை மணியின் ஞானஸ்நானம் என்றே சொன்னார்கள். எங்கள் ஆயா, தாத்தாவின் மனைவி, கடைசிவரை "மணி அடிச்சாச்சா" என்று கேட்க மாட்டார். "மரியா கூப்பிட்டாச்சா" என்றுதான் கேட்பார்.

இனி மணி அடிப்பவர். எங்கள் பக்கம் கோயில்பிள்ளை என்போம். உபதேசியார் வேறு, அவர் செபம் சொல்லுவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவார், ஊரில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. கோயில்பிள்ளைக்கு வேலை மட்டும் உண்டு. கோயில் திறக்கணும், பெருக்கணும், மெழுகுவர்த்தி ஏற்றணும், பூசை உடுப்பு எடுத்து வைக்கணும், கல்லறைக் குழிக்கு ஆள் பிடிக்கணும், ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மணிக்கூண்டுக்குப் போகணும். கூலி வருஷத்துக்கு ஒருமுறை அறுவடைக்குப் பிறகு, வீட்டுக்கு இத்தனை படி கேழ்வரகு என்று கணக்கு. பிற்பாடு மாதச் சம்பளம் வந்தது. கேழ்வரகே தேவலை என்றார் ஆயா.

காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் மூவேளைச் செப மணி. மும்மூன்றாக மூன்று தடவை, பிறகு தொடர்ந்து ஒரு நீண்ட அடி. அந்த ஒவ்வொரு மூன்றுக்கும் நடுவில் ஓர் "அருள் நிறைந்த மரியே" சொல்லும் நேரம் விடவேண்டும். இரவு எட்டு மணிக்கு உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக, அதாவது மோட்சம் போகுமுன் பாவம் தீரக் காத்திருக்கும் இறந்தவர்களுக்காக, ஒரு மணி. பூசைக்கு முதல் மணி, இரண்டாம் மணி. முதல் மணிக்கு எழுந்திருப்பார்கள், இரண்டாம் மணிக்குக் கிளம்புவார்கள், பிரசங்கம் பாதியில் வந்து சேருவார்கள். நண்பகல் மணிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1456இல் துருக்கியப் படை பெல்கிரேடை முற்றுகையிட்டபோது, அதற்காகச் செபிக்கச் சொல்லி மூன்றாம் கலிஸ்து போப்பாண்டவர் நண்பகலில் மணி அடிக்க உத்தரவு போட்டார். வெற்றியைக் கொண்டாட அடித்தது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை, உத்தரவு முதலில், வெற்றி பிறகு. எங்கள் ஊரில் மாந்தோப்பில் களை எடுப்பவர்களுக்கு அந்த மணி பெல்கிரேடைச் சொல்லவில்லை, களி உருண்டையைத்தான் சொன்னது. இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் அந்த மணிக்குத்தான் சாப்பிட்டார்கள்.

மணி அடிப்பது பலசாலி வேலை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், பத்து வயதில் ஒரு தடவை கயிற்றைப் பிடித்துத் தொங்கி இரண்டடி மேலே போய்வரும்வரை. எங்கள் மணி ஆடி அடிக்கும் மணி. கயிற்றை இழுத்தால் மணியே ஊஞ்சல் மாதிரி ஆடும், உள்ளே நாக்கு போய் மோதும். ஆட்ட ஆரம்பித்தால் அது பாட்டுக்கு ஆடும். வித்தை நிறுத்துவதில்தான். மூன்றே மூன்று அடி விழவேண்டும், நாலாவது விழக்கூடாது. தாத்தா மூன்றாம் அடி விழுந்ததும் கயிற்றை லேசாக மேலே விட்டு, பிறகு இறுக்கிப் பிடிப்பார், மணி மூச்சு வாங்கின மாதிரி நின்றுவிடும்.

இன்னொரு வழி உண்டு. நாக்கிலேயே கயிறு கட்டி இழுத்து அடிப்பது. சுலபம், சின்னப் பையன்கூடச் செய்யலாம். ஒரு சமயம் புதிதாக வந்த ஒரு சாமியார் அப்படிக் கட்டச் சொன்னார். தாத்தா ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்துவிட்டார். பெரிய சண்டை. தாத்தா சொன்ன காரணம் அப்போது யாருக்கும் புரியவில்லை: "நாக்கைக் கட்டினா மணி செத்துரும்." அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் விஷயம் சரி. மணி வெண்கலத்தில் செம்பு ஏறக்குறைய 78 பங்கு, வெள்ளீயம் 22 பங்கு. அவ்வளவு வெள்ளீயம் இருப்பதால்தான் அந்தக் கணீர் ஒலி, அதனால்தான் அது கண்ணாடி மாதிரி உடையக்கூடியதும். தானாக ஆடும் நாக்கு அடித்த மறுகணம் விலகிவிடும். கயிற்றால் இழுத்த நாக்கு அதிர்கிற உலோகத்தின்மேல் அழுந்தி நிற்கும். அப்படித்தான் பல மணிகள் விரிசல் விடுகின்றன. விரிசல் விட்ட மணியைச் சாதாரணப் பற்றவைப்பில் சரிசெய்ய முடியாது. பெரும்பாலும் உருக்கி மறுபடி வார்க்கத்தான் வேண்டும். லண்டன் பிக் பென் 1859இல் தொங்கவிட்ட சில மாதங்களிலேயே விரிசல் விட்டது. கனமான சுத்தியல். அதைச் சற்றே திருப்பி வைத்து, லேசான சுத்தியல் மாட்டி, அந்த விரிசலோடேயே இன்றும் அடிக்கிறார்கள். தாத்தாவும் ஒருமுறை நாலு ஆளை வைத்து எங்கள் மணியைக் கால் சுற்று திருப்பினார், ஒரே இடத்தில் அடி பட்டுக் குழி விழுந்துவிட்டது என்று. பிக் பென்னைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை.

மணியில் இருக்கும் சோகம் பற்றியும் ஒரு வார்த்தை. சங்கீதம் தெரிந்தவர்கள் உற்றுக் கேட்டுப் பாருங்கள், கோயில் மணி ஒரே ஸ்வரம் இல்லை, உள்ளே பல ஸ்வரங்கள் கலந்திருக்கும். அதில் ஷட்ஜத்துக்கு (ஸ) மேலே தெளிவாகக் கேட்பது அந்தர காந்தாரம் அல்ல, அதைவிடச் சற்றுக் கீழே, சோகமாக ஒலிக்கும் சாதாரண காந்தாரம். ஐரோப்பிய மணிகள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டவை. கல்யாண பூசைக்கு அடித்தாலும் ஓர் அழுகைச் சாயல் இருப்பது அதனால்தான்.

கோடையில் ஒரு கூத்து நடக்கும். எங்கள் பக்கம் ஏப்ரல், மே மாதம் மாங்காய் மழை. ஆலங்கட்டி விழுந்தால் அந்த வருஷ வெள்ளாமை அவ்வளவுதான், காய் எல்லாம் கீழே. மேகம் கறுத்ததும் தோட்டக்காரர்கள் ஓடிவந்து தாத்தாவிடம் மணி அடிக்கச் சொல்வார்கள். மணி ஓசை இடியை விரட்டும் என்ற நம்பிக்கை, இதுவும் பிரெஞ்சுச் சாமியார்கள் காலத்துச் சரக்குதான். பழைய ஐரோப்பிய மணிகள் பலவற்றில் இலத்தீனில் பொறித்தே வைத்திருப்பார்கள்: உயிரோடிருப்போரை அழைக்கிறேன், இறந்தோருக்காக அழுகிறேன், மின்னலை முறிக்கிறேன் என்று. மின்னல் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. 1784இல் மியூனிக்கில் வெளியான ஒரு நூல் கணக்குச் சொல்கிறது: 33 வருஷத்தில் 386 கோபுரங்களில் இடி விழுந்து 103 மணி அடிப்பவர்கள் செத்திருக்கிறார்கள். ஊரிலேயே உயரமான இடம், அதிலிருந்து தொங்கும் ஈரக் கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன். வேறென்ன நடக்கும்? தாத்தாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் மழை வருகிற நேரம் பார்த்து அவருக்கு வயிற்று வலி வந்துவிடும்.

பெரிய வெள்ளிக்கு முந்தைய பெரிய வியாழன் பூசையில் "உன்னதங்களிலே" பாடும்போது மணி ஒருமுறை நீளமாக அடித்து ஓய்ந்துவிடும். பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவுப் பூசையில், அதே பாட்டு வரும்வரை வாய் திறக்காது. நடுவில் மரக்கட்டைதான். தெருவில் கட்டையைத் தட்டிக்கொண்டு பையன்கள் ஓடுவார்கள். மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டால், அது ரோமாபுரிக்குப் போயிருக்கிறது, போப்பாண்டவரைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வரும் என்பார் தாத்தா. இது பிரான்சில் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஒரு வருஷம் என் தம்பி மணிக்கூண்டில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தாத்தா, மணி அங்கேயேதான் இருக்கு" என்றான். தாத்தா அசரவில்லை. "அது உடம்புடா. சத்தம்தான் போயிருக்கு."

சரி, நான் சொல்ல வந்தது ஆயாவைப் பற்றி.

கோயிலுக்குக் கிழக்கே ஒரு கரும்பாறைக் குன்று இருக்கிறது. அரை கிலோமீட்டர் இருக்கும். மணி அடித்தால் ஏறக்குறைய மூன்று நொடி கழித்து அந்தக் குன்று திருப்பிச் சொல்லும். தாத்தா அந்தப் பதில் வந்த பிறகுதான் அடுத்த அடி விடுவார். அவரது மணி அதனால் நிதானமாக, எண்ணி எண்ணி விழும். வேறு யார் அடித்தாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். மேட்டுத் தெருவிலிருந்து ஆள் வந்து, "பெரியவருக்கு உடம்பு சரியில்லையா, இன்னைக்கு மணி ஓடுதே" என்று விசாரிப்பார்கள்.

கடைசிப் பத்து வருஷத்தில் தாத்தாவுக்கு முழங்கால் போய்விட்டது. மாலை மணிக்கு எப்படியோ நொண்டி நொண்டிப் போவார். விடியற்கால மணிக்கு முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வேலை போய்விடும். ஒரு நாள் காலை மணி வழக்கம்போல் அடித்தது. குன்றின் பதிலுக்குக் காத்திருந்தது, அதற்கு அப்புறமும் ஒரு கணம் காத்திருந்தது. அந்த ஒரு கணம்தான் ஆயா. குன்று சொல்லி முடித்ததும் அவர் ஒரு "இயேசுவே" சொல்லிவிட்டுத்தான் கயிற்றை இழுப்பாராம். பத்து வருஷம், குளிரோ மழையோ, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு இருட்டில் போய் அடித்துவிட்டு, சாமியார் எழுந்து வருமுன் வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைத்துவிடுவார். ஊர் முழுக்கத் தெரியும். ஒருவர்கூடச் சாமியார் காதில் போடவில்லை. சாமியார்கள் மூன்று பேர் மாறினார்கள், அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இல்லை, தெரியாத மாதிரி இருந்திருக்கலாம், எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு. பங்குக் கணக்கில் சம்பளம் தாத்தா பெயரில்தான் வந்தது.

தாத்தா போன பிறகு பையன்கள் யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. எல்லோரும் ஓசூர், பெங்களூர் கம்பெனிகளில். 2010 வாக்கில் மணிக்கு மோட்டார் வைத்தார்கள். கயிற்றைக் கழற்றி, மணியை அசையாமல் பூட்டி, பக்கத்தில் ஒரு மின்சாரச் சுத்தியல். டைமர் சொல்கிற நேரத்துக்கு அடிக்கும். இரண்டு நொடிக்கு ஓர் அடி. குன்றின் பதில் அடுத்த அடியின்மேல் போய் விழும். அது கேட்கச் சகிக்காது என்று ஆயா திண்ணையை விட்டு உள்ளே போய்விடுவார்.

அப்புறம் 2012 மின்வெட்டு. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூடப் போனது. டைமருக்குள் இருந்த பேட்டரி எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மின்சாரம் போய்ப் போய் வர, அதன் கடிகாரம் தடுமாறி, ஒரு நாள் ராத்திரி இரண்டேகாலுக்கு நண்பகல் மணி அடித்தது. தீ பிடித்துவிட்டது என்று சிலர் குடத்தோடு ஓடிவந்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று சிலர் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார்கள். கோயில் வாசலில் கூடி, யார் செத்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆயா மட்டும் எழுந்திருக்கவில்லை. "துக்க மணி அப்படியா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

துக்க மணி எப்படி இருக்கும் என்றால்: ஆண் இறந்தால் மும்மூன்றாக மூன்று தடவை. பெண் என்றால் இரண்டிரண்டாக மூன்று தடவை. ஐரோப்பியக் கிராமங்கள் பலவற்றிலும் இதே கணக்கு உண்டு, அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு ஒற்றை ஒற்றையாக, வயது எத்தனையோ அத்தனை அடி. களத்தில் நிற்பவர்கள் எண்ணுவார்கள். பெண், எழுபத்திரண்டு, அப்படியானால் கீழத் தெரு இன்னார் அம்மா என்று மணி ஓயுமுன் ஊருக்குத் தெரிந்துவிடும். கைக்குழந்தை இறந்தால் துக்க மணி கிடையாது. சம்மனசு (தேவதூதர்) போயிருக்கிறது என்று சின்ன மணியை வேகமாக அடிப்பார்கள். அது துக்க மணியைவிடக் கொடுமையாக இருக்கும். இந்த அடிகளுக்குக் கயிறு உதவாது. மேலே ஏறி, மணிக்குப் பக்கத்தில் நின்று, நாக்கைக் கையால் பிடித்துத் தள்ளி விடவேண்டும்.

மோட்டாருக்கு இதெல்லாம் தெரியாது. யாராவது இறந்தால் வாட்ஸாப்பில் போட்டோ வரும், அவ்வளவுதான்.

ஆயா இறந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். நான் ஓசூரில் வேலையில் இருந்தேன். செய்தி வந்து பேருந்து ஏறிச் சூளகிரி தாண்டும்போது ஒரு போன். பூசைக்கு உதவி செய்கிற பையன், பதினாலு வயது. "அக்கா, ஆயாவுக்கு மணி அடிக்கணும்னு பெரியவங்க எல்லாம் சொல்றாங்க. மோட்டாரை நிறுத்திட்டேன். மேல நிக்கறேன். எப்படி அடிக்கணும்னு யாருக்கும் சரியா தெரியல, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

பேருந்தில் ஜன்னல் கம்பியில் மோதிரத்தால் தட்டிக் காண்பித்தேன். ரெண்டு. நிறுத்து. ரெண்டு. நிறுத்து. ரெண்டு. அப்புறம் ஒவ்வொன்றாக எண்பத்தாறு. ஒவ்வொரு அடிக்கும் குன்று பதில் சொல்லும்வரை இரு, அது முடிந்த பிறகு மனசுக்குள் ஓர் "இயேசுவே" சொல், அப்புறம் அடுத்தது. பக்கத்து சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஓய்ந்திருந்தது. பெரியம்மா எண்பத்து நாலுதான் அடித்தான் என்றார். மாமா எண்பத்தேழு, நான் எண்ணினேன் என்றார். பையன் நடுவில் அழுதுவிட்டதால் கணக்கு விட்டுப்போச்சு என்றான். ஆயாவின் வயதும் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருந்ததால் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை.

இப்போது மோட்டார் இருக்கிறது, பேட்டரி மாற்றிவிட்டார்கள். மணியின் பூட்டை எடுத்துவிட்டுக் கயிறும் மறுபடி கட்டியிருக்கிறார்கள். நான் ஊருக்குப் போகிற சனிக்கிழமைகளில் ஞாயிறு விடியல் மணி என்னுடையது. நாலாவது அடி இன்னும் விழுந்துவிடுகிறது.